மூன்றாம் மாடி நீலப் பட்டை

எங்க கட்டடம் அழகா இருக்குன்னு அறுபத்திரண்டு வருஷத்துல ஒரு ஆள் சொன்னதில்ல. கட்டின எங்க மாமனாரே சொன்னதில்ல. "ஒழுகாது"ன்னு மட்டும் சொல்லுவார். கடைசியில அதுவும் ஒழுகுச்சு.

ஊருக்கு நடுவுல, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி இருக்கு. கீழ என் மூக்குக் கண்ணாடிக் கடை, மேல மூணு மாடி. கண்ணைச் சோதிச்சு, பவர் எழுதி, லென்ஸ் வெட்டி ஃப்ரேம்ல மாட்டித் தர்றது என் வேலை. இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் பண்றேன். ஹேண்ட்பேக்ல பர்ஸ் இல்லாமகூட வெளிய போவேன், குட்டி ஸ்க்ரூடிரைவர் இல்லாம போகமாட்டேன். கல்யாண வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுகூட யாராவது கண்ணாடியைக் கழற்றி நீட்டுவாங்க.

கடைக்கு மேல, முகப்பு நெடுக, ஒரு கான்கிரீட் சன்ஷேட் நீட்டிக்கிட்டு நிக்கும். அந்தக் காலத்து மோஸ்தர். பாதி என் கடை வாசலுக்கு மேல, பாதி பஸ் ஸ்டாப்புக்கு மேல. வெயில்னாலும் மழைன்னாலும் ஜனம் அதுக்குக் கீழதான் நிக்கும். என் கடை இடது ஓரத்துல, அதே சன்ஷேட்டுக்குக் கீழ, ஒரு முக்காலி போட்டு, இரும்புப் பெட்டி வச்சு, சாவிக்கார அண்ணன் உட்கார்ந்திருப்பார். டூப்ளிகேட் சாவி போடறவர். நான் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியிலிருந்தே அங்கதான் இருக்கார். பூட்டு இல்லாத நேரத்துல பஸ்ஸுக்கு நிக்கறவங்க குடும்ப விவகாரத்தை எல்லாம் தீர்த்துவைப்பார்.

போன வருஷம் அந்த சன்ஷேட்டுலேருந்து செங்கல் அளவுக்கு ஒரு துண்டு பேர்ந்து, அவர் பெட்டிக்குப் பக்கத்துல விழுந்துச்சு. அன்னிக்கே இன்ஜினியரைக் கூப்பிட்டேன். ஏணி வச்சு ஏறி, சுத்தியலால நாலு தட்டுத் தட்டிட்டு இறங்கினார்.

"உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிப்போச்சு. இந்த மழைக்குத் தண்ணி உள்ள இறங்கினா நிக்காது. மழைக்கு முன்னாடி இடிச்சுட்டுப் புதுசு போட்டுடுங்க. ஒரு வாரத்து வேலைதான்."

ஒரு வாரத்து வேலை. மழைக்கு அஞ்சு மாசம் இருந்துச்சு. நானும் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

கொத்தனார் நல்ல மனுஷன். சுத்தியலைத் தூக்கறதுக்கு முன்னாடி, "அக்கா, குழுகிட்ட அனுமதி வாங்கிட்டீங்களா?"ன்னு கேட்டார். எந்தக் குழுன்னு கேட்டேன். தெரு முனை பேக்கரியைக் காட்டினார். ஷட்டருக்குப் பச்சை அடிச்ச குத்தத்துக்கு அந்தக் கடையைச் சீல் வச்சு அப்போ பதினாலு மாசம். ஓனர் இப்போ மச்சான் கடையில மாவு பிசையறார்.

அப்படித்தான் நான் நகர மைய முகப்பு அழகியல் சீராய்வுக் குழு முன்னாடி போய் நின்னேன்.

குழுவோட ஆபீஸ் அஞ்சு மாடி. வெளிய முழுக்க அலுமினியத் தகடு அடிச்சு, வெயில்ல பார்த்தா கண் கூசும். உள்ள வராண்டாவுல மூணு பிளாஸ்டிக் வாளி. மேல ஏசி ஒழுகுது. அந்த வாளியைத் தாண்டிப் போனா பெரிய மேஜை, மேஜைக்குப் பின்னாடி மூணு பேர். நடுவுல தலைவர். கட்டடக் கலை படிச்சு, கட்டடம் எதுவும் கட்டாமலே ரிட்டயர் ஆனவர். வலது பக்கம் நிறப் பேராசிரியர். இடது பக்கம் குறிப்பு எழுதற அம்மா. தலைவர் மூக்குலேருந்து கண்ணாடி வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. இடது கீல்ல திருகு லூஸ். எனக்குக் கை அரிச்சுது, அடக்கிக்கிட்டேன்.

நான் விழுந்த துண்டை ஒரு துணிப்பையில எடுத்துட்டுப் போயிருந்தேன். மேஜைல வைக்கப் போனேன்.

"வேண்டாம், வேண்டாம்," தலைவர் கையைக் காட்டினார். "நாங்கள் கட்டடத்தைப் பார்ப்பதில்லை."

"புரியல சார்."

"கட்டடத்தைப் பார்த்தால் பற்று வந்துவிடும் அம்மா. ஒருவருக்கு விரிசல் தெரியும், ஒருவருக்கு ஆபத்து தெரியும். நடுநிலை போய்விடும். ஆகவே பதிவுப் படத்தை மட்டும்தான் பார்ப்போம். பன்னிரண்டு வருடங்களில் ஒரு தடவைகூட இந்த விதியை மீறியதில்லை."

குறிப்பு எழுதற அம்மா ஒரு ஃபைலைப் பிரிச்சாங்க. உள்ள எங்க கட்டடத்தோட போட்டோ. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி எதிர்ப் பக்கத்துலேருந்து யாரோ எடுத்தது. நாங்க ஒருத்தரும் பார்க்கல, யாரும் கேக்கவும் இல்ல. அன்னிக்கே எங்க முகப்பு பாதுகாக்கப்பட்ட முகப்பு ஆயிடுச்சாம். அதுல பதினெட்டு அடையாளக் கூறுகள் இருக்காம். தலைவர் கண்ணாடியை மேல தள்ளிட்டு ஒவ்வொண்ணா படிச்சார். படிச்சார்னு சொல்றேனே தவிர, மனப்பாடமா ஒப்பிச்சார்.

"கூறு ஏழு. மூன்றாம் மாடியில் கிடைமட்ட நீலப் பட்டை. அந்தச் சாம்பல் நிற மௌனத்தை உடைக்கும் ஒரே துணிச்சலான குரல்."

எட்டிப் பார்த்தேன். "சார், அது பெட்ஷீட். எங்க மாமியார் துவைச்சுக் காயப்போட்டது."

பேராசிரியர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடித் திறந்தார்.

"உங்கள் மாமியாரின் அழகியல் நோக்கத்தை இந்தக் குழு மதிக்கிறது," என்றார். "பட்டை இப்போது இருக்கிறதா?"

"மாமியாரே இல்ல சார். பெட்ஷீட் கிழிஞ்சு தரை துடைக்கப் போட்டு, அதுவும் போச்சு."

"அனுமதியின்றிக் கூறு ஏழு அகற்றப்பட்டுள்ளது," என்று அந்த அம்மா எழுதிக்கிட்டாங்க.

"கூறு ஒன்பது," தலைவர் நிறுத்தல. "சன்ஷேட்டின் குறுக்கே ஓடும் மெல்லிய கோடு. ஓவியனின் தூரிகை போல."

"அதுதான் சார் விரிசல். அது பெரிசாகித்தான் இப்போ விழுது."

"கூறு பதினெட்டு. இடது கீழ் மூலையில், அமர்ந்த நிலையிலான கரிய அடித்தள வடிவம். முழு முகப்பும் இந்த ஒரு புள்ளியில்தான் ஊன்றி நிற்கிறது."

படத்துல இடது மூலையில முக்காலி மேல குனிஞ்சு உட்கார்ந்து சாவிக்கார அண்ணன் எதையோ அரத்தால ராவிக்கிட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். எங்க வீட்டுக்காரர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார், யாரோடயும் சண்டைக்குப் போகாத ஜாதி. "அதிகாரின்னா அப்படித்தான் இருப்பாங்க. ஒரு நீல பெட்ஷீட் வாங்கித் தொங்கவிட்டுட்டா விஷயம் முடிஞ்சுது"ன்னார். வாங்கினேன். பேராசிரியர் ஒரு துண்டை வெட்டி வாங்கி வச்சுக்கிட்டு, மூணு வாரம் கழிச்சு, "இந்த நீலத்தில் நம்பிக்கை அதிகம்"னு எழுதித் திருப்பி அனுப்பினார். ரெண்டாவது பெட்ஷீட்ல ஏக்கம் போதலயாம். மூணாவதைப் பதினோரு தடவை துவைச்சு வெளுக்க வச்சு அனுப்பினேன், ஏத்துக்கிட்டாங்க. அதுக்கே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு.

பெட்ஷீட் கெட்டுப்போகட்டும், அது துணி. எனக்கு மனசு முழுக்க அந்த முக்காலி மேலதான் இருந்துச்சு. ஒரு நாள் காலையில அவர் பெட்டியை நானே தூக்கிக் கடைக்குள்ள வச்சேன்.

"அண்ணே, இனிமே உள்ளயே உட்காருங்க. அது உங்க தலையில விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"உள்ள உட்கார்ந்தா எனக்கு யாரு வருவா? கண்ணு டெஸ்ட்டுக்கு வந்த ஆளுன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்கம்மா."

"நாலு நாள் பாருங்க. வாசல்ல போர்டு எழுதி வைக்கறேன்."

முனகிக்கிட்டே வந்தார். நாலாவது நாள் சைக்கிள்ல ஒரு ஆய்வாளர் வந்தார். எங்க வாசலுக்கு எதிர்ல நின்னு, போட்டோ நகலைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு, மூலையில இருந்த வெத்து இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் நோட்டீஸ் வந்துச்சு.

"மேற்படி முகப்பின் கூறு 18 முன்னறிவிப்பின்றி உட்புறம் நகர்த்தப்பட்டுள்ளது. ஏழு நாட்களுக்குள் அசல் இடத்தில், அசல் கோணத்தில் மீள நிறுவத் தவறினால் கட்டடம் சீல் வைக்கப்படும்."

சாவிக்கார அண்ணன் அதை என்னைப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் நோட்டீஸை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

"முப்பது வருஷமா முனிசிபாலிட்டிக்காரன் என்னைத் துரத்தினான். இப்போ நான் இல்லேன்னா கட்டடமே இல்லைங்கறான். கொடும்மா என் முக்காலியை."

"விளையாட்டு இல்லண்ணே."

வீட்டுக்காரர் பேக்கரிப் பக்கம் பார்த்துட்டு, "எதுக்கு வம்பு? மழை வரதுக்குள்ள அனுமதி வந்துடும். அதுவரைக்கும் அவர் வெளியவே உட்காரட்டும்"னார். நான் தலையாட்டினேன். அந்தப் பெட்டியைத் தூக்கி உள்ள வச்சது நான்தான், திரும்ப வெளிய கொண்டுபோய் வச்சதும் நான்தான். இதை யார்கிட்டயும் பூசி மெழுக மாட்டேன்.

ரெண்டாவது கூட்டத்துல, "முழுசா இடிக்க வேண்டாம், இப்போதைக்கு முட்டுக் கொடுக்க மட்டும் விடுங்க"ன்னு கெஞ்சினேன். நாலு இரும்புக் கம்பம், கீழ ஒரு வலை. கேட்டது அவ்வளவுதான்.

"கம்பம் என்பது செங்குத்துக் கோடு," பேராசிரியர் சொன்னார். "இது கிடைமட்ட முகப்பு. நான்கு செங்குத்துகள் வந்தால் கட்டடம் தன்னை யார் என்றே மறந்துவிடும்."

"வலை?"

"கண்ணுக்குத் தெரியாத வலை என்றால் பரிசீலிக்கலாம். மாதிரி கொண்டுவாருங்கள், பார்க்கிறோம்."

நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சார், கீழ பஸ்ஸுக்கு ஜனம் நிக்குது. விழுந்தா செத்துப்போவாங்க"ன்னேன்.

தலைவர் நாற்காலியில சாய்ஞ்சார். அவர் பேச்சை அப்படியே சொல்றேன், ஒரு எழுத்து கூட்டல.

"அம்மா, நீங்கள் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்தக் குழுவின் சட்டத்தில் மனிதர்கள் என்ற சொல்லே கிடையாது. நான்தான் வரைவு எழுதினேன், எனக்குத் தெரியும். பயணிகள் வருவார்கள், பேருந்து வரும், போய்விடுவார்கள். முகப்பு போகாது. போகிறவர்களுக்காக நிற்பதை மாற்ற ஆரம்பித்தால் நாளைக்கு எங்களுக்கு வேலையே இருக்காது."

குறிப்பு எழுதற அம்மா கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதாம விட்டாங்க. நான் பார்த்தேன்.

விண்ணப்பம் எட்டு பிரதி கேட்டாங்க, கொடுத்தேன். அட்டையில கட்டட மாதிரி கேட்டாங்க, வீட்டுக்காரர் ராவெல்லாம் ஒட்டினார். புது சன்ஷேட்டுலயும் விரிசலை அதே இடத்துல, அதே வளைவுல போட்டுத் தரணும்னு கொத்தனார்கிட்ட எழுதி வாங்கச் சொன்னாங்க. அவர் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, விரிசல் விடாம பூசறதுக்குத்தான் எங்கப்பா என்னை அடிச்சு வேலை கத்துக்கொடுத்தார்"னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது கள ஆய்வு வச்சாங்க. பார்க்கவே மாட்டோம்னவங்க எதுக்கு வர்றாங்கன்னு யோசிச்சேன். வந்தப்புறம்தான் புரிஞ்சுது. மூணு பேரும் வேன்லேருந்து இறங்கி, எதிர்ப் பக்கம் நின்னு, பதிவுப் படத்தைப் பெரிசா அச்சடிச்சதை விரிச்சுப் பிடிச்சாங்க. படம் கட்டடத்தை முழுசா மறைச்சுது. அதைப் பத்து நிமிஷம் பார்த்துட்டு, "மிகவும் நன்றாகப் பராமரிக்கப்பட்டுள்ளது"ன்னு எழுதிக்கிட்டாங்க. சாவிக்கார அண்ணன் மட்டும் சட்டை பட்டனை எல்லாம் போட்டுக்கிட்டு, அசல் கோணத்துல குனிஞ்சு உட்கார்ந்திருந்தார்.

மத்தவங்க வேன்ல ஏறினதும் தலைவர் கடைக்குள்ள வந்தார். தலைவலியாம். நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கண்ணாடி எப்போ போட்டது சார்?"

"குழு ஆரம்பித்த வருடம்."

நாற்காலியில உட்கார வச்சு எழுத்துப் பலகையைக் காட்டினேன். மேல் வரியில ஒரே ஒரு எழுத்து, என் உள்ளங்கை அளவு. இந்தத் தெருவுல பூனைகூட அதைப் படிச்சிடும்.

"படிங்க சார்."

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "சமநிலையான அமைப்பு," என்றார்.

"என்ன எழுத்து?"

"தனித்தனியாகப் பார்க்கக் கூடாது அம்மா. மொத்தமாகப் பார்க்க வேண்டும்."

ஒவ்வொரு லென்ஸா மாத்திக்கிட்டே வந்தேன். பழசுக்கும் புதுசுக்கும் அவ்வளவு வித்தியாசம். போட்டோவை எடுத்த வருஷத்துலேருந்து இந்த மனுஷன் எதையும் பார்க்கல. எனக்குத் திடீர்னு நம்பிக்கை வந்துச்சு. அட, இது கெட்ட எண்ணம் இல்ல, வெறும் பவர்னு நினைச்சேன். சரியான கண்ணாடி போட்டா பெட்ஷீட் பெட்ஷீட்டா தெரியும், ஆள் ஆளா தெரியும். என் கையால தீர்க்கற விஷயம்தானே இதுன்னு, லென்ஸுக்கு அன்னிக்கே ஆர்டர் போட்டேன். ரெண்டு வாரம் ஆகும்னு சொன்னாங்க.

மழை காத்திருக்கல. ஒன்பதாவது நாள் பகல் பதினொரு மணிக்கு, ரெண்டு நாளா விடாம பெய்ஞ்சு கொஞ்சம் ஓய்ஞ்ச நேரத்துல, கடைப் பக்கத்துப் பாதி விழுந்துச்சு. லாரியிலேருந்து ஜல்லி கொட்டற சத்தம், அவ்வளவுதான். நான் ஒரு ஸ்கூல் டீச்சருக்கு ஃப்ரேம் காட்டிக்கிட்டு இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தா, கான்கிரீட் பலகை அவரோட இரும்புப் பெட்டி மேல சாய்ஞ்சு கிடந்துச்சு. பெட்டி நசுங்கி, பாரத்தைத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு. அவர் வலது கால் மட்டும் அதுக்கு அடியில. பஸ்ஸுக்கு நின்னவங்க பத்துப் பேர் சேர்ந்து தூக்கினாங்க. நான் ரோட்டுல உட்கார்ந்து அவர் தலையை மடியில வச்சுக்கிட்டேன்.

"ஏம்மா," அவர் கேட்டார், "நான் இருக்கேன்ல?"

"இருக்கீங்கண்ணே."

என் மேலயே எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்துச்சு. அந்தப் பெட்டியைத் திரும்ப அங்க வச்ச கை இதுதானேன்னு அழுதேன், எல்லார் முன்னாடியும். கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு, ஆஸ்பத்திரியில கம்பி வச்சாங்க. இனிமே பழையபடி நடக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

மிச்சப் பாதி பஸ் ஸ்டாப்புக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஜனத்தை ஒதுங்கி நிக்கச் சொல்லி வாசல்ல கயிறு கட்டினேன். கயிறு கட்டினதுக்குத் தனியா ஒரு நோட்டீஸ் வந்துச்சு. அதுக்கு மறுநாள் பெரிய நோட்டீஸ்.

"மேற்படி முகப்பின் கூறு 9 முழுமையாகவும், கூறு 18 முழுமையாகவும் காணப்படவில்லை. இது தன்னிச்சையான மாற்றமாகக் கருதப்படுகிறது. விசாரணை நாளன்று கூறு 18-ஐக் குழு முன் ஆஜர்படுத்தவும்."

ஆஜர்படுத்தினேன். ஆஸ்பத்திரியிலேருந்து சக்கர நாற்காலியை வாங்கி, நானும் வீட்டுக்காரருமா தள்ளிக்கிட்டுப் போனோம். வராண்டா வாளியில இடிச்சு, தண்ணி அவர் கட்டு மேல தெறிச்சுது. அவர் கையால துடைச்சுக்கிட்டார். பழைய நோட்டீஸ் இன்னும் சட்டைப் பையில இருந்துச்சு.

பேராசிரியர் நாற்காலியைச் சுத்தி ஒரு தடவை நடந்து பார்த்தார். "சக்கரம் பதிவில் இல்லை," என்றார். "கால் நீட்டிய நிலையும் இல்லை. இது கூறு பதினெட்டுதானா என்பதே சந்தேகம்."

சாவிக்கார அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல. அவரைக் கட்டடத்துல சேர்த்தப்போ சிரிச்சவர், அதுலேருந்து தள்ளினப்போ சிரிக்க முடியாம உட்கார்ந்திருந்தார்.

ஹேண்ட்பேக்கைத் திறந்து தலைவரோட புதுக் கண்ணாடியை எடுத்தேன். "உங்க கண்ணாடி வந்துடுச்சு சார். போட்டுப் பாருங்க." பழசை நானே கழற்றிட்டுப் புதுசை மாட்டி, காதுக்குப் பின்னாடி சரி பண்ணி விட்டேன். அப்புறம் பதிவுப் படத்தை அவர் பக்கம் திருப்பி வச்சேன்.

தலைவர் குனிஞ்சு பார்த்தார். மூணாவது மாடியில விரல் வச்சார். பெட்ஷீட்டுல பூப்போட்ட டிசைன் இருந்துச்சு, ரெண்டு கிளிப் வேற. விரல் கீழ இறங்கி மூலைக்கு வந்துச்சு. அங்க முக்காலி, பெட்டி, அரம் பிடிச்ச கை. தலையைத் தூக்கிச் சக்கர நாற்காலியைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். திரும்ப ஆளைப் பார்த்தார். அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. சத்தியமா சொல்றேன், இருபத்திரண்டு வருஷத்துல ஆயிரக்கணக்கான பேருக்கு முதல் தடவை தெளிவா தெரியறப்போ அந்த முகத்தைப் பார்த்திருக்கேன். எனக்குத் தப்பாது.

கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால துடைச்சு, பெட்டியில வச்சு மூடி, என் பக்கம் தள்ளினார்.

"தலை சுற்றுகிறது அம்மா. இது ஒத்துவராது. பழையதே நன்றாக இருக்கிறது." பழசை மூக்குல ஏத்தினார், அது வழுக்குச்சு. "கூறு ஒன்பதும் பதினெட்டும் முப்பது நாட்களுக்குள் மீள நிறுவப்பட வேண்டும். மிச்சமுள்ள சன்ஷேட்டை எவரும் தொடக் கூடாது. உத்தரவை நானே இரண்டு நாளில் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவேன். கையெழுத்தானதும் ஆய்வாளர் வருவார்." அப்புறம் ரொம்ப மரியாதையா கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இந்தத் திருகு மட்டும் லூசாக இருக்கிறது. உங்களிடம் கருவி இருக்குமே?"

இருந்துச்சு. வாங்கி, இடது கீல்ல ஸ்க்ரூடிரைவரை வச்சு, அவர் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே திருகை முழுசா கழற்றினேன். அப்புறம் வலது பக்கம். ரெண்டு திருகையும் ஹேண்ட்பேக்ல போட்டேன். ஃப்ரேமையும் காதுல மாட்டற ரெண்டு காம்பையும் அவர் கையில வரிசையா வச்சேன். புதுக் கண்ணாடிப் பெட்டியையும் எடுத்துக்கிட்டேன். அவர் கையில இருந்த துண்டுகளை முகத்துக்குக் கிட்ட கொண்டுபோய்த் தடவிக்கிட்டு இருந்தார். என்ன நடந்துச்சுன்னு அவருக்குப் புரியறதுக்குள்ள நாங்க வராண்டா தாண்டிட்டோம்.

வெளிய வந்ததும் கொத்தனாருக்கு ஃபோன் போட்டேன். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் பக்கம் பார்த்துட்டு, சட்டைக் கையை மடிச்சுவிட ஆரம்பிச்சார்.

"சுத்தியலை எடுத்துக்கிட்டு வாங்க. ஆளு எத்தனை பேர் கிடைச்சாலும் கூட்டிட்டு வாங்க"ன்னேன்.

"அனுமதி வந்துடுச்சாக்கா?"

"இல்ல. ஆனா தலைவரால இன்னும் ரெண்டு நாளைக்கு எதையும் படிக்க முடியாது. சீக்கிரம் வாங்க."